ஸ்கார்பியோ வாங்கலாம், சரி. எந்த ஸ்கார்பியோ?

மஹிந்திரா ஷோரூமில் ஸ்கார்பியோ கேட்டால், "கிளாசிக்கா, என்-ஆ?" என்று திருப்பிக் கேட்பார்கள். புதுசு வந்தால் பழசை மூட்டை கட்டுவதுதான் வழக்கம். இங்கே அப்படி நடக்கவில்லை. 2022 ஜூனில் ஸ்கார்பியோ-என் வந்தது. 2002-இல் தொடங்கிய பழைய வண்டியையும் முகப்பைக் கொஞ்சம் மாற்றி, 'கிளாசிக்' என்று பெயரை நீட்டி, ஆகஸ்டிலேயே விலை சொல்லிவிட்டார்கள். அப்போது இரண்டின் ஷோரூம் விலையும் 11.99 லட்சத்தில் தொடங்கியது. அங்கேதான் பலரும் குழம்பினார்கள்.

என்-னில் எஞ்சின் பலம் அதிகம் என்பார்கள். பாதி உண்மை. இரண்டிலும் 2.2 லிட்டர் டீசல்தான். கிளாசிக்கில் 132 பிஎஸ், என்-னின் கீழ் வேரியண்ட்களிலும் அதே 132. காசை ஏற்றினால்தான் 175. ஆனால் பெட்ரோல், ஆட்டோமேட்டிக், நான்கு சக்கர இழுவை இதில் எது வேண்டுமென்றாலும் கிளாசிக்கை மறந்துவிடலாம். அதில் டீசல், மேனுவல், பின்சக்கர இழுவை, அவ்வளவுதான்.

உண்மையான வித்தியாசம் உடம்பில் இருக்கிறது. கிளாசிக்கின் உயரம் 1995 மில்லிமீட்டர், என்-னின் உயரம் 1857. ஐந்தரை அங்குலம் குறைவு. அகலத்தில் தலைகீழ்: கிளாசிக் 1820, என் 1917. ஒல்லியாக, நெட்டையாக நிற்கும் வண்டி வளைவில் சாயத்தானே செய்யும்? கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பின்சீட்டில் உட்கார்ந்து கடப்பவருக்கு இந்தக் கணக்கு வயிற்றிலேயே புரியும்.

கிளாசிக்கை விரும்புகிறவர்கள் சொல்லும் பெரிய காரணம் ஒன்பது சீட். குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பமே ஒரே வண்டியில் போகலாம். ஆனால் கடைசியில் இருப்பவை பக்கவாட்டு சீட்டுகள். எதிரெதிரே உட்கார்ந்தால் முழங்காலும் முழங்காலும் இடிக்கும். பிள்ளைகளை அங்கே உட்கார வைக்க எனக்கு மனம் வராது. 2016-இல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் ஸ்கார்பியோ வாங்கியது பூஜ்யம். அது ஏர்பேக் இல்லாத வண்டி, இப்போதைய கிளாசிக்கில் முன்னால் இரண்டு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்கார்பியோ-என் 2022-இல் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 5 நட்சத்திரமும், குழந்தைகளுக்கானதில் 3-உம் வாங்கியது.

அதற்காக என்-னின் மூன்றாம் வரிசை சொகுசு என்று நினைத்துவிடாதீர்கள். வளர்ந்தவர் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுப் பக்கம் வரும். அந்த சீட்டை விரித்துவிட்டால் பின்னால் இரண்டு பைக்கு மேல் இடமில்லை.

நான் வாங்குவதென்றால் என்-தான். முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் வீட்டு கேட்டை அளந்துவிடுவேன். பக்கக் கண்ணாடிகள் அந்த 1917-இல் சேராது.