காரைக்குடி பழைய மரக் கடை: நிலையும் ஜன்னலும் வாங்கிய கதை

காரைக்குடியில் பீங்கான், பித்தளைச் சாமான் வாங்குகிறவர்கள் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போவார்கள். நிலை, கதவு, உத்தரம் என்றால் ஊருக்கு வெளியே இருக்கும் பழைய மரக் கடைகள்தான். அப்படி ஒன்றில் எங்கள் வீட்டுக்கு இரண்டு நிலையும் ஆறு ஜன்னலும் எடுத்தோம். குறையும் சொல்லப் போவதால் கடைப் பெயர் வேண்டாம்.

முதலில் சரக்கு. பெரும்பாலும் இடித்த செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் பர்மா தேக்கு. ரங்கூனில் லேவாதேவி செய்த நகரத்தார் கப்பலில் கொண்டுவந்த மரம். கொட்டகையில் பச்சைப் பெயின்ட்டும் கரியும் அப்பி, விறகு மாதிரிதான் கிடக்கிறது. கூட வந்த ஆசாரி ஒரு சட்டத்தின் ஓரத்தை உளியால் லேசாகச் சீவினார். உள்ளே பொன்னிறம், விரல் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு. “முழுக்க வைரம் தம்பி, வெளுப்பே இல்லை. கரையான் கிட்ட வராது” என்றார். வைரம் என்றால் மரத்தின் முற்றிய உட்பகுதி; வெளுப்பு, பட்டையை ஒட்டிய இளம் பகுதி. இப்போது விற்கிற இளந்தேக்கில் வெளுப்பில்லாத சட்டம் கிடைப்பது கஷ்டம்.

எங்கள் இன்ஜினீயர் அலுமினிய ஜன்னல்தான் போடச் சொன்னார். மரம் போட்டால் காடு அழியும் என்பது அவர் கட்சி. அரசாங்கமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது. மத்தியப் பொதுப்பணித் துறை 1993-ல் தன் கட்டடங்களில் மரத்துக்குத் தடை போட்டு, 2020-ல்தான் நீக்கியது. கணக்குப் பார்த்தால் வேறு மாதிரி வருகிறது. தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் எடுக்க 14 யூனிட் மின்சாரமாவது ஆகும்; நம் நாட்டில் அது பெரும்பாலும் நிலக்கரி. மரமோ காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து வளர்ந்தது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். என் நிலை ஒன்று சுமார் 40 கிலோ இருக்கும். கரியமில வாயுக் கணக்கில் 70 கிலோ அளவுக்கு வாசலில் நிற்கிறது என்று வையுங்கள். யாரும் வாங்காமல் செங்கல் சூளைக்குப் போயிருந்தால் அத்தனையும் ஒரே நாளில் புகை.

புதுத் தேக்குக்கு இந்த வாதம் அப்படியே செல்லாது. எந்தத் தோட்டத்தில் வெட்டியது, திரும்ப நட்டார்களா என்று கேட்க வேண்டும். மியான்மர் 2014-லேயே முழு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது; ‘புது பர்மா’ என்று தடியைக் காட்டுகிறவரிடம் காகிதம் கேளுங்கள். அப்புறம், நல்ல வீட்டை இடிக்காமலே வைத்திருந்தால் இன்னும் உத்தமம்தான். அது வாங்குகிற என் கையில் இல்லை.

சரி, குறைகள். கன அடி 2,600 ரூபாய் என்று பேசிவிட்டு, இற்றுப்போன முனையையும் சேர்த்தே டேப் பிடித்தார்கள். அறுத்துவிட்டு அளக்கும்படி ஆசாரி சொன்னதும் கடைக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது, ஆனாலும் அறுத்தார். “ஆணியெல்லாம் பிடுங்கியாச்சு சார்” என்றார்கள். மில்லில் முதல் சட்டத்திலேயே உள்ளே ஒடிந்து நின்ற ஆணியில் ரம்பம் மாட்டி, பிளேடுக்குத் தனியாக அழுதோம். வண்டி வாடகையும் நம் தலையில்தான்.

ஆசாரி கூலியும் கூடுதல். பெயின்ட் சுரண்ட வேண்டும், பழைய கம்பித் துளைகளைத் தேக்குத் துண்டு வைத்து அடைக்க வேண்டும். எல்லாம் சேர்த்தும் புதுத் தேக்குக்குச் சொன்ன விலைக்குக் கீழேதான் முடிந்தது. ஜன்னல்கள் ஒரே அளவில் அமையவில்லை; நல்ல வேளையாகச் சுவர் அப்போது இடுப்பளவில் இருந்ததால், கொத்தனார் அந்தந்த ஜன்னலுக்குத் தகுந்தபடி இடம் விட்டுக் கட்டினார்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஆசாரி இல்லாமல் போகாதீர்கள். கடையில் எதைக் காட்டினாலும் பர்மா தேக்கு என்றுதான் சொல்வார்கள், நடுவில் வேங்கையும் கோங்கும் கிடக்கும். நல்ல சரக்கு லாரியிலிருந்து இறங்கும்போதே போய்விடுகிறது. முன்பணம் கொடுத்தால் எடுத்து வைக்கிறார்கள், ரசீதை மட்டும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.