பெரியவர்களின் மறதி: ஏடி8 கேள்வித்தாளா, ஐக்யூகோடா?

பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத பாட்டியிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்லி மறதியை அளப்பது நியாயமே இல்லை. இப்படிக் கேள்வி கேட்டு 30 மதிப்பெண்ணுக்கு நடக்கும் எம்எம்எஸ்இ என்ற ஞாபகப் பரிசோதனையில், ஞாபகம் நன்றாக இருந்தாலும் படிக்காதவர்களுக்கு மதிப்பெண் குறையும். கைநாட்டு வைக்கும் பெரியவர்கள் நிறைந்த தருமபுரி கிராமங்களுக்கு, கூட இருப்பவரைக் கேட்டு அறிவதுதான் சரி.

அதற்கு இரண்டு கேள்வித்தாள்கள் உண்டு. அமெரிக்காவில் 2005-இல் வந்த ஏடி8-இல் எட்டே கேள்விகள். கேட்டதையே திரும்பக் கேட்கிறாரா, மாதம், வருஷம் மறக்கிறதா என்ற மாதிரி. இரண்டுக்காவது ‘மாற்றம் உண்டு’ என்று பதில் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஓ.பி. வரிசையில் நிற்கும்போதே முடித்துவிடலாம்.

1989-இல் ஆஸ்திரேலியாவில் உருவான ஐக்யூகோடில் 26 கேள்விகள், சுருக்கத்தில் 16. பத்து வருஷத்துக்கு முன் இருந்ததைவிட இப்போது எப்படி என்று 1 முதல் 5 வரை போட வேண்டும். 3 என்றால் மாற்றமில்லை, 5 என்றால் ரொம்ப மோசம். என் ஓட்டு இதற்குத்தான். எங்கள் பெரியம்மா எழுத்தறியாதவர். ஆனால் சொசைட்டிக்கு ஊற்றிய பால் கணக்கை வாயிலேயே வைத்திருப்பார். இப்போது ஒரு வேளைக் கணக்கு விட்டுப்போகிறது. ‘உண்டு, இல்லை’ என்பதில் இந்த மெல்லிய சரிவு சிக்காமல் போகலாம். ‘4, கொஞ்சம் மோசம்’ என்பதில் சிக்கும்.

ஆனால் பதில் சொல்வது யார்? பெங்களூரில் வேலை பார்த்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரும் மகன் “அம்மா நல்லாத்தான் இருக்காங்க” என்பார். களிக்கு இரண்டு தடவை உப்புப் போட்டதைப் பார்த்தது மருமகள். அவரோ நான்கு வருஷத்துக்கு முன் வாழ்க்கைப்பட்டு வந்தவர். பத்து வருஷக் கதை அவருக்கு எப்படித் தெரியும்? அங்கே ஏடி8 போதும். ஐக்யூகோடுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் தங்கச்சியையோ, கூடவே களையெடுத்த தோழியையோ கேளுங்கள்.

பதில் சொல்பவரே மனச்சோர்வில் இருந்தாலும், உறவு கசந்திருந்தாலும் ஐக்யூகோட் மதிப்பீடு மாறும் என்று ஆய்வுகளே சொல்கின்றன. அதனால் இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்பது நல்லது. பெரியவர் எதிரில் மட்டும் வேண்டவே வேண்டாம்; அவர் மனசு நொந்துவிடும்.

எண் கூடுதலாக வந்தால் உடனே டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்று முடிவு கட்டாதீர்கள். தைராய்டு, பி12 குறைபாடு, மனச்சோர்வு, காது மந்தம் எல்லாமே மறதி போலத் தெரியலாம். நிரப்பிய தாளோடு, தூக்க மாத்திரை உட்படச் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.