பூச்சிப் படத்துக்கு எது: மக்ரோ லென்ஸா, குழாய் வளையமா, கிளிப் வில்லையா?

வாங்குமுன் எல்லோரும் கேட்பது, எத்தனை மடங்கு பெரிதாகும் என்று. மட்டக்களப்பின் படுவான்கரை வயல் வரம்பில் குந்தியிருப்பவருக்கு அதைவிட முக்கியம் வேறொன்று: லென்ஸ் நுனிக்கும் பூச்சிக்கும் நடுவில் எவ்வளவு இடம் மிஞ்சும்? உயிருள்ள பூச்சி நின்று கொடுப்பதும் பறந்துவிடுவதும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

ஆக மலிவு, கமராவோடு வரும் கிட் லென்ஸைத் தலைகீழாகப் பூட்டும் வளையம். 18 மி.மீ.இல் வைத்தால் கமரா சென்சரில் விழும் உருவம் பூச்சியின் நிஜ அளவைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு வரும். ஆனால் நாலைந்து சென்ரிமீற்றருக்குள் நெருங்க வேண்டும். மாமரத்து முசுறை அப்படி எடுக்கப் போனால் அது கமராவில் ஏறிக் கையைக் கடிக்கும். பல கமராக்களில் லென்ஸில் ஒளி புகும் துவாரத்தை மாற்றவும் வழியில்லாமல் போகும். இலையில் ஒட்டிய முட்டைக்குச் சரி, அவ்வளவுதான்.

கமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் பூட்டும் வெற்றுக் குழாய் வளையமும், லென்ஸின் முன்னால் கவ்வும் கிளிப் வில்லையும் சுவாரசியமான சோடி. 12, 20, 36 மி.மீ. குழாய்கள் மூன்றையும் 50 மி.மீ. லென்ஸில் சேர்த்தால் 68ஐ 50ஆல் வகுத்த அளவு, அதாவது 1.36 மடங்கு கூடும். அதையே 250 மி.மீ. லென்ஸில் போட்டால் கூடுவது வெறும் 0.27. கிளிப் வில்லை நேரெதிர். ரேனொக்ஸ் டிசிஆர்-250 போன்ற 8 டயொப்டர் (வில்லையின் வலுவைச் சொல்லும் அலகு) வில்லையை, தொலைவுக்குக் குவித்த 250 மி.மீ. லென்ஸில் மாட்டினால் இரண்டு மடங்கு, 50இல் 0.4 மட்டுமே. பூச்சிக்கான தூரம் இரண்டு லென்ஸிலும் 12.5 சென்ரிமீற்றர். ஏற்கெனவே நீள சூம் வைத்திருப்பவர் வேறெதையும் தேட வேண்டாம் என்பேன். ஒரு கையால் கழற்றிப் பொக்கற்றில் போடலாம்.

100 மி.மீ. மக்ரோ லென்ஸ் நிஜ அளவில் எடுக்கும்போது தரும் இடம் 13 தொடக்கம் 15 சென்ரிமீற்றர்தான். அப்படியென்றால் அந்த விலை எதற்கு? தும்பிக்கு. வாவிக்கரைக் கண்டல் குச்சியில் இருக்கும் தும்பிக்கு நிஜ அளவு தேவையில்லை. அரை மீற்றர் தள்ளி நின்று தொடங்கி, விட்டால் மெல்ல நெருங்கலாம். கிளிப் வில்லையால் அது முடியாது. அதைப் போட்டால் 12.5க்கு அப்பால் எல்லாமே மங்கல்.

அப்புறம் வெளிச்சம். நிஜ அளவில் துவாரத்தை எஃப் 11இல் வைத்தால் உள்ளே போகும் ஒளி, அதைவிடச் சிறிய எஃப் 22 துவாரத்தின் அளவுதான். கச்சான் காற்று இலையை ஆட்டும் நாளில் இயற்கை ஒளியை நம்பிப் பயனில்லை. குறைந்த சக்தியில் ஃபிளாஷ் மின்னுவது செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம். ஆட்டம் அதில் உறைந்துவிடும். ஃபிளாஷுக்கு முன்னால் ட்ரேசிங் கடதாசி கட்டாயம், இல்லையென்றால் வண்டின் முதுகில் வெள்ளைப் பொட்டுத்தான் மிஞ்சும். இயற்கை ஒளிக்கு உரிய நேரம் பனி காயாத காலை, பூச்சி குளிரில் அசையாமல் இருக்கும். குவியத்தை மாற்றி மாற்றி எடுத்த பல படங்களை அடுக்கிச் சேர்க்கும் முறையும் உயிருள்ள பூச்சியில் அப்போதுதான் சரிவரும்.

சிலர் பூச்சியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அசையாமலாக்குகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. கால்கள் மடிந்திருக்கும் விதமே படத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.