லினக்ஸ் நிறுவும்போது கருப்புத் திரை: நோமோட்செட்டா, நூவோவை அடைப்பதா, புதுக் கர்னலா?

பென் டிரைவிலிருந்து பூட் ஆகிறது, கிரப் மெனு (பூட் தேர்வுப் பட்டியல்) வருகிறது, என்டர் தட்டியதும் திரை கருத்துவிடுகிறது. யாரைக் கேட்டாலும் சொல்லும் ஒரே மருந்து, பூட் வரியில் (லினக்ஸின் மையமான கர்னலுக்குப் பூட் ஆகும்போது கொடுக்கும் கட்டளை வரி) நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்ப்பது. அது வேலை செய்யும் என்பதில் சந்தேகமில்லை. போட்டதை எடுக்க மறப்பதில்தான் வம்பு. 'லினக்ஸில் வீடியோ திக்குகிறது, திரை வெளிச்சம் குறையவே மாட்டேன் என்கிறது, எச்டிஎம்ஐயில் மானிட்டர் வரவில்லை' என்ற மூன்று புகாரும் ஒன்றாக வந்தால், முதலில் பார்க்க வேண்டியது பூட் வரியில் அந்தச் சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதைத்தான்.

மருந்துக்கு முன்னால் நோய் எது என்று தெரிய வேண்டும். திரை கருத்தபின் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் விளக்கு எரிந்து அணைந்தால் கர்னல் உயிரோடுதான் இருக்கிறது. அடுத்து கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3. எழுத்துத் திரை வந்தால் டிரைவர் ஓரளவு வேலை செய்கிறது, டெஸ்க்டாப்தான் விழுந்திருக்கிறது. எதுவும் வரவில்லையென்றால் ஒரு டார்ச்சைச் சாய்வாகத் திரைமேல் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் கிராபிக்ஸில் பழுதே இல்லை, பின்விளக்கு மட்டும் அணைந்திருக்கிறது. அதற்கு நோமோட்செட் தேவையில்லை; பூட் வரியில் ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ், அதில் சரியாகாவிட்டால் அதே இடத்தில் வெண்டர் என்று போட்டுப் பார்க்கலாம். (இங்கே கட்டளைகள் எல்லாம் தமிழ் ஒலிப்பில் இருக்கின்றன. தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்து, சமக்குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது.)

நோமோட்செட்

பூட் ஆகத் தொடங்கியதும் திரையின் ரெசல்யூஷனைக் கர்னலில் உள்ள கிராபிக்ஸ் டிரைவரே தன் கையில் எடுத்துக்கொள்ளும். நோமோட்செட் அதைத் தடுக்கிறது. அதனால் யுஇஎஃப்ஐ (பயாஸின் இன்றைய வடிவம்) கொடுத்த எளிய படப் பரப்பிலேயே எல்லாம் ஓடும். ரெசல்யூஷன் மாறாது, இரண்டாவது மானிட்டர் வராது, வெளிச்சக் கட்டுப்பாடு இருக்காது, சஸ்பெண்ட் பெரும்பாலும் கைகொடுக்காது. ஜன்னல்களை வரையும் வேலை முழுக்க சிபியு தலையில் விழும். செட்டிங்ஸில் கிராபிக்ஸ் என்ற இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று காட்டினால் இந்த நிலையில்தான் இருக்கிறீர்கள் என்று பொருள்.

போடும் முறை: கிரப் மெனுவில் இ விசை, லினக்ஸ் என்று தொடங்கும் வரி, அதில் கொயட் ஸ்பிளாஷ் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சொல்லைச் சேர்த்து எஃப்10. இது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும். உபுண்டுவின் வரியில் மூன்று சிறுகோடுகள் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் எழுதுவது நிறுவிய கணினிக்கும் போய்ச் சேரும், முன்னால் எழுதுவது பென் டிரைவிலிருந்து ஓடும் லைவ் பூட்டோடு முடிந்துவிடும். 'முன்பே எடுத்துவிட்டேனே' என்று நினைப்பவர்கள் கணினியிலும் அது தங்கிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். உபுண்டுவின் சேஃப் கிராபிக்ஸ், ஃபெடோராவின் பேசிக் கிராபிக்ஸ் மோட் ஆகியவையும் இதே வழிதான், பெயர் மட்டும் வேறு.

நூவோவை மட்டும் அடைப்பது

இன்டெல் அல்லது ஏஎம்டி உள்சிப்போடு (சிபியுவுக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ்) என்விடியாவும் இருக்கும் லேப்டாப்பில் பெரும்பாலும் தகராறு செய்வது நூவோ, அதாவது என்விடியாவுக்கான திறந்தமூல டிரைவர். லேப்டாப்பின் சொந்தத் திரை வழக்கமாக உள்சிப்போடுதான் இணைந்திருக்கும். அப்படியிருக்க நோமோட்செட் போட்டால் ஒழுங்காக வேலை செய்யும் இன்டெல் டிரைவரும் சேர்ந்து முடங்கிவிடும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போலத்தான். அதற்குப் பதில் நூவோ.மோட்செட்=0, அல்லது மோட்ப்ரோப்.பிளாக்லிஸ்ட்=நூவோ. திரை முழு ரெசல்யூஷனில், முழு வேகத்தில் வரும். நிறுவும் நடுவிலோ ஷட்டவுன் ஆகும்போதோ கணினி உறைந்துபோகும் தொல்லையும் பெரும்பாலும் இதோடு தீரும்.

இதற்கும் இரண்டு ஓட்டைகள் உண்டு. பல லேப்டாப்களில் எச்டிஎம்ஐ துளை என்விடியா சிப்போடு இணைக்கப்பட்டிருக்கும். நூவோவை அடைத்தால் வெளி மானிட்டர் வராது. பயாஸில் டிஸ்கிரீட் ஒன்லி என்று வைத்திருந்தால் சொந்தத் திரையே என்விடியாவின் கைக்குப் போயிருக்கும், அப்போது இந்த வழியும் கிட்டத்தட்ட நோமோட்செட்டாகவே முடியும். ஆகவே அப்படி ஒரு தேர்வு பயாஸில் இருந்தால் நிறுவி முடியும்வரை ஹைப்ரிட் என்று மாற்றிவைப்பது நல்லது. இன்டகிரேட்டட் ஒன்லி என்றே இருந்தால் இன்னும் வசதி: என்விடியா இருப்பதே நிறுவிக்குத் தெரியாது.

என்விடியாவே இல்லாத லேப்டாப்புக்கு இந்தப் பகுதி பொருந்தாது. அங்கே காரணம் வேறு.

புதுக் கர்னல்

லேப்டாப் சந்தைக்கு வந்த நாள் கர்னல் வெளிவந்த நாளுக்குப் பிந்தையது என்றால் எந்தப் பூட் சொல்லும் நிரந்தரத் தீர்வாகாது. டிரைவருக்கு அந்தச் சிப்பையே தெரியாது. உபுண்டு 24.04 முதலில் 6.8 கர்னலோடு வந்தது, அதன் 24.04.3 படிமத்தில் (இறக்கிப் பென் டிரைவில் எழுதும் ஐஎஸ்ஓ கோப்பு) 6.14 இருக்கிறது. டெபியன் 12-இல் 6.1, டெபியன் 13-இல் 6.12. ஏஎம்டி லேப்டாப்பில் கர்னல் மட்டும் புதிதாக இருந்தால் போதாது. ஏஎம்டிஜிபியு டிரைவருக்கு ஃபர்ம்வேர் கோப்புகளும் (சிப்புக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) வேண்டும். அவை லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பில் வருபவை. டெபியன் 11 வரை அதிகாரபூர்வ படிமத்தில் இவை கிடையாது, 12 முதல்தான் சேர்த்தார்கள். கையிலிருக்கும் பழைய பென் டிரைவோடு மல்லுக்கட்டுவதைவிட அண்மைப் படிமத்தை இறக்கி எழுதுவது சீக்கிரம் முடியும் வேலை.

திரை வருகிறது, ஆனால் மினுங்குகிறது அல்லது திடீரென உறைகிறது என்றால் பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ் என்ற மின்சேமிப்பு வசதியைச் சந்தேகிக்கலாம். இன்டெலுக்கு ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0, ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியு.டிசிடிபக்மாஸ்க்=0எக்ஸ்10. பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், மற்றபடி இழப்பில்லை. இவற்றை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம்.

நிறுவியபின் என்விடியாவை என்ன செய்வது

முதல் பூட்டிலும் திரை கருத்தால் பதற வேண்டாம். யுஇஎஃப்ஐ கணினியில் எஸ்கேப்பை ஒரே ஒரு முறை தட்டினால் கிரப் மெனு வரும், மேலே சொன்னபடி வரியைத் திருத்தி உள்ளே போகலாம். பலமுறை தட்டினால் கிரப்பின் கட்டளை வரியில் போய் நிற்கும். அங்கே நார்மல் என்று தட்டினால் திரும்பலாம்.

நூவோவிலேயே இருப்பது எப்போது சரி? ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைகளில் சரியில்லை. என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் அங்கே நூவோவால் சிப்பின் வேகத்தை உயர்த்த முடியாது. பூட் ஆனபோது இருந்த குறைந்த வேகத்திலேயே கிடக்கும். ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 முதல் கர்னல் 6.7-க்குப் பின் நிலைமை மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் விளையாட்டுக்கும் கூடாவுக்கும் (சிப்பைக் கணக்கீட்டுக்குப் பயன்படுத்தும் என்விடியாவின் மென்பொருள்) என்விடியாவின் சொந்த டிரைவர்தான். அதில் 900, 10 வரிசைகளுக்கு 580-தான் கடைசிக் கிளை. ஆர்டிஎக்ஸ் 50-க்குத் திறந்த கர்னல் மாட்யூல் உள்ள பதிப்பு கட்டாயம், மூடியது அதில் ஓடாது.

இந்தச் சொந்த டிரைவரை என்விடியா தளத்தில் கிடைக்கும் .ரன் கோப்பாக நிறுவாதீர்கள். தொகுப்பு மேலாளருக்கு அது தெரியாது, கர்னல் புதுப்பித்த மறுநாளே மறுபடி கருப்புத் திரை வரலாம். உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸ் ஜன்னல் போதும்.

செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைப் பூட்டில் தடுக்கும் வசதி) இயக்கத்தில் இருந்தால் நடுவில் 8 முதல் 16 எழுத்துக்குள் ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த பூட்டில் நீலத் திரை வரும், 10 நொடிதான் நிற்கும். அதற்குள் ஒரு விசையைத் தட்டி, என்ரோல் மோக் (மோக் என்பது கையொப்பச் சாவி) தேர்ந்தெடுத்து, அந்தக் கடவுச்சொல்லைத் தர வேண்டும். தவறவிட்டால் கையொப்பம் ஏற்கப்படாது, என்விடியா மாட்யூல் ஏறாது, நூவோவோ ஏற்கெனவே தடுப்புப் பட்டியலில். 'டிரைவர் போட்டதும் கெட்டுவிட்டது' என்ற புலம்பலில் பாதி இந்த 10 நொடியில் பிறந்ததுதான். எழுத்துத் திரையில் நுழைந்து மோக்யூடில் கட்டளையால் சாவியை மறுபடி இறக்குமதி செய்து ரீபூட் செய்தால் நீலத் திரை மீண்டும் வரும்.

படிப்பு, எழுத்து, உலாவி என்று இருப்பவர்களுக்கு வேறொரு வழிதான் எங்கள் பரிந்துரை: சொந்த டிரைவரை நிறுவிவிட்டு, உபுண்டுவில் எந்தச் சிப் ஓட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பிரைம்-செலக்ட் கட்டளையில் பிரைம்-செலக்ட் இன்டெல் என்று கொடுத்து ரீபூட். பூட் வரியில் நூவோவை அடைத்துவிட்டு அப்படியே விட்டால் கவனிக்க ஆளில்லாத சிப் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கக்கூடும்; பிரைம் அதை அணைத்தே வைக்கும். தேவைப்படும்போது ஆன்-டிமாண்ட் என்று மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக, எட்சி கோப்புறையில் டிஃபால்ட் என்பதன் கீழே கிரப் கோப்பைத் திறந்து நோமோட்செட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அழித்து, சூடோ அப்டேட்-கிரப் கொடுத்து ரீபூட் செய்யுங்கள். செட்டிங்ஸில் எல்எல்விஎம்பைப் போய் உங்கள் சிப்பின் பெயர் வந்திருக்க வேண்டும்.