பி அணியா, இரவலா, இளையோர் லீக்கா: 18 முதல் 21 வரை வீரரை எங்கே ஆட வைப்பது?

பெரிய கால்பந்துக் கழகம் ஒன்றின் இளையோர் வளர்ப்பில் குறை எங்கே என்று தேடத் தொடங்கினால், எட்டு வயதுச் சிறுவர்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலோ பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் இடத்திலோ அது பெரும்பாலும் அகப்படுவதில்லை. மைதானம், விடுதி, படிப்பு, காணொளி அலசல் என அங்கே பணமும் கவனமும் தாராளமாகவே செலவாகின்றன. ஓட்டை இருப்பது 18 வயதுக்கும் 21 வயதுக்கும் இடையில். இளையோர் போட்டிகள் அந்த வயதினருக்கு எளிதாகிவிடுகின்றன. முதன்மை அணியிலோ இடம் இருப்பதில்லை. அந்த மூன்று ஆண்டுகளை எப்படி நிரப்புவது என்று முடிவெடுக்க வேண்டிய சிறு குழுவில் நானும் ஒருவனாக இருந்தேன். நாங்கள் பி அணியை, அதாவது கழகத்தின் பெயரிலேயே வளர்ந்தவர்களின் கீழ் அடுக்கு லீக்கில் ஆடும் இரண்டாம் அணியை, தேர்ந்தெடுத்தோம். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

இளையோர் லீக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 2012-இல் கழகங்களின் இளையோர் பயிற்சிக்கூடங்களான அகாடமிகளைத் தரம் பிரித்து ஒழுங்குபடுத்திய பிறகு, 2016-இல் 23 வயதுக்கு உட்பட்டோருக்காகப் பிரீமியர் லீக் 2 தொடங்கப்பட்டது. 2022-இல் அந்த வரம்பு 21 ஆகக் குறைக்கப்பட்டது. புல்தரை நன்றாக இருக்கும், பந்து அழகாகக் கைமாறும், ஒரே வயதுக்காரர்கள் ஒரே பாணியில் ஆடுவார்கள், தோற்றால் யாருக்கும் வேலை போகாது. இது போதாது என்பதற்கு அந்நாட்டு ஏற்பாடே சான்று. கீழ் அடுக்குக் கழகங்களுக்கான இஎஃப்எல் டிராஃபியில் 2016-17 முதல் பெரிய கழகங்களின் இளையோர் அணிகளும் சேர்க்கப்பட்டன. வளர்ந்த ஆட்களோடு மோதும் வாய்ப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது. கீழ் அடுக்கு ரசிகர்கள் பலர் அந்த ஆட்டங்களைப் புறக்கணித்தார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு.

உண்மையான போட்டி இரவலுக்கும் பி அணிக்கும் இடையில்தான்.

வீரரைச் சில காலம் வேறொரு கழகத்துக்கு ஆட அனுப்பும், லோன் எனப்படும் இரவல் முறைக்கு ஆதரவாகப் பேசுவோர் கையில் நல்ல எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. ஹாரி கேன் டாட்டன்ஹாமில் நிலைபெறும் முன் லேடன் ஓரியன்ட், மில்வால், நார்விச், லெஸ்டர் என நான்கு கழகங்களுக்கு இரவலாகப் போனவர். மேசன் மவுன்ட் விடெஸ்ஸிலும் டார்பியிலும், ரீஸ் ஜேம்ஸ் விகனிலும் ஆடிவிட்டுத் திரும்பினார்கள். 2019-இல் செல்சிக்குப் புதிய வீரர்களை வாங்கத் தடை வந்த பருவத்தில் முதன்மை அணியில் இடம்பிடித்தார்கள். 2021 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் இருவரும் வென்ற அணியில் களமிறங்கினார்கள். ஆனால் அதே செல்சி அந்த ஆண்டுகளில் எத்தனை பேரை ஊர் ஊராக அனுப்பியது, அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து ஆடினார்கள் என்பதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். கரையேறியவர்களை வைத்து மட்டும் ஆற்றின் ஆழத்தைச் சொல்ல முடியாது.

நாடு கடந்த இரவல்களுக்கு ஃபிஃபா 2022-இல் கொண்டுவந்த வரம்பு, 2024 ஜூலை முதல் ஒரு கழகத்துக்கு ஆறு பேர் என்ற அளவுக்கு இறுகியிருக்கிறது. கழகமே வளர்த்த, 21 வயதைத் தாண்டாத வீரர்களுக்கு அதில் விலக்கு உண்டு என்பதால், எங்கள் முடிவை அந்த விதி தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது வேறொன்று: ஒரு வீரர் தவறு செய்த பிறகும் அடுத்த ஆட்டத்தில் களமிறங்க முடியுமா என்ற கேள்வி.

இதை ஒரு நிகழ்வைச் சொல்லித்தான் விளக்க முடியும். எங்களிடம் 19 வயதுத் தடுப்பாட்ட வீரர் ஒருவர் இருந்தார். நடுவில் நின்று ஆடுபவர். கோல்கீப்பரிடமிருந்து பந்தைப் பெற்றதும் உடலைத் திருப்பி, நெருங்கி வரும் எதிரணி வீரரைத் தன் பக்கம் இழுத்துவிட்டு, அவர் விட்டு வந்த வெளியில் நிற்கும் நடுக்கள வீரருக்குப் பந்தைக் கொடுப்பது என்பதைப் பன்னிரண்டு வயது முதல் ஏழு ஆண்டுகள் கற்றவர். இரண்டாம் அடுக்கில் இருந்த ஒரு கழகத்துக்கு அவரை அனுப்பினோம். முதல் மூன்று ஆட்டங்களும் நன்றாகவே போயின. நான்காவது ஆட்டத்தின் 70-ஆவது நிமிடத்தில், தன் பெனால்டி எல்லைக்கு வெளியே அதே போலத் திரும்ப முயன்று பந்தைப் பறிகொடுத்தார். கோல் விழுந்தது, ஆட்டமும் போனது. அடுத்த ஒன்பது ஆட்டங்களில் அவர் மாற்று வீரர் இருக்கையைவிட்டு எழவில்லை. அந்தப் பயிற்சியாளர்மேல் எனக்குக் கோபமில்லை. இன்னும் இரண்டு தோல்விகள் வந்திருந்தால் வேலையை இழக்கும் நிலையில் இருந்தவர், அடுத்தவர் வீட்டுப் பிள்ளையின் எதிர்காலத்துக்காகத் தன் சம்பளத்தைப் பணயம் வைக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது.

ஜனவரியில் அவரை அழைத்துக்கொண்டோம். திரும்பி வந்த முதல் நாள் பயிற்சியில் கோல்கீப்பர் பந்தை மெதுவாக உருட்டிவிட்டார். இவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், வந்த பந்தை அப்படியே ஓங்கி உதைத்தார். அது பக்கக்கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தது. யாரும் நெருக்கவில்லை, பத்து அடிக்குள் எதிரில் ஆளே இல்லை. ஏழு ஆண்டுகளில் கற்றதை நான்கு மாதத்தில் மறந்துவிட்டார் என்று எங்கள் உதவிப் பயிற்சியாளர் முணுமுணுத்தார். மறக்கவில்லை, ஒளித்து வைக்கக் கற்றுக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இரவல் ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச ஆட்டங்களுக்கு நிபந்தனை போடலாம், ஆடவைக்காவிட்டால் கூடுதல் கட்டணம் என்று எழுதலாம். நாங்களும் எழுதினோம். களத்தில் இறக்குவதற்கு அது உதவுகிறது; எந்த இடத்தில், எந்த வேலைக்கு என்பதற்கு உதவுவதில்லை. அடுத்த ஆண்டு சென்ற இன்னொருவர், நடுக்களத்தில் ஆட வேண்டியவர், பாதிப் பருவம் இடப்புறத் தடுப்பில் ஆடி நிபந்தனையை நிறைவேற்றிவிட்டு வந்தார்.

பி அணியில் இந்தக் கேள்வி எழுவதில்லை, ஏனெனில் அங்கே பயிற்சியாளருக்குச் சம்பளம் தருவதும், அவரை எதைக் கொண்டு அளப்பது என்று முடிவுசெய்வதும் நாமே. எதிரணியில் இருப்பவர்களோ முப்பது வயதைக் கடந்த, முழங்கையை எப்போது பயன்படுத்த வேண்டும் என்று தெரிந்த, புள்ளிக்காகவும் வெற்றி ஊக்கத்தொகைக்காகவும் ஆடும் ஆட்கள். கடுமை வெளியிலிருந்து வருகிறது, பொறுமை உள்ளிருந்து வருகிறது. இவ்விரண்டும் ஒரே ஆட்டத்தில் சேர்ந்து கிடைக்கும் ஏற்பாடு வேறொன்றை நான் பார்த்ததில்லை.

பார்சலோனாவின் 2007-08 பருவம் இதற்கு எல்லோரும் காட்டும் சான்று; ஆனால் அதில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. பயிற்சியாளராகப் பெப் கார்டியோலா பொறுப்பேற்றபோது அந்த பி அணி நான்காம் அடுக்குக்கு இறங்கியிருந்தது. செர்ஜியோ புஸ்கெட்ஸும் பெட்ரோவும் ஆடியது பெரிய அரங்குகளில் அல்ல. அடுத்த பருவத்தில் கார்டியோலா முதன்மை அணிக்குப் போனபோது அவர்களையும் உடன் அழைத்துச் சென்றார். 2010 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் இருவரும் ஸ்பெயினின் தொடக்க அணியில் இருந்தார்கள். அடுக்கு எத்தனையாவது என்பதைவிட, அங்கே கற்ற வேலையும் மேலே காத்திருந்த வேலையும் ஒன்றாகவே இருந்தன என்பதுதான் அவர்களை அவ்வளவு விரைவில் ஏற்றிவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

பி அணிக்குக் கூரை உண்டு. தாய்க் கழகம் இருக்கும் அடுக்குக்கு அது ஏற முடியாது; ஜெர்மனியில் மூன்றாம் அடுக்கையே தாண்ட முடியாது. யோங் அயாக்ஸ் 2017-18-இல் நெதர்லாந்தின் இரண்டாம் அடுக்கை வென்றும் மேலே போகவில்லை; பயர்ன் மியூனிக்கின் இரண்டாம் அணி 2019-20-இல் ஜெர்மனியின் மூன்றாம் அடுக்கை வென்றும் அங்கேயே இருந்தது. வெளியாருக்கு இது கேலிக்கூத்தாகத் தெரியலாம். எங்களைப் பொறுத்தவரை, ஏற முடியாது என்பது ஒருவகையில் வசதி; இறங்கிவிடுவோம் என்ற பயம் மட்டும் மிஞ்சுகிறது, அந்தப் பயம் பிள்ளைகளுக்கு நல்லது.

செலவை மறைத்துப் பேசக் கூடாது. தனிப் பயிற்சியாளர் குழு, மருத்துவர், பயணம், மைதானம் என எல்லாம் இரட்டிப்பாகின்றன. இரண்டாம் அணி கட்டாயம் என்ற விதியை ஜெர்மனி 2014-இல் தளர்த்தியதும் லெவர்குசனும் ஃபிராங்க்ஃபர்ட்டும் தங்கள் அணிகளைக் கலைத்தன. ஃபிராங்க்ஃபர்ட் 2022-இல் அதை மீண்டும் உயிர்ப்பித்தது. எங்கள் குழுவில் செலவைக் காட்டி எதிர்த்தவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்ன உதாரணம் அதுதான்.

பணக் கணக்கில் பலர் தவறவிடும் ஒரு வரியும் உண்டு. ஐரோப்பியப் போட்டிகளுக்கான 25 பேர் பட்டியலில் எட்டு இடங்கள் உள்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு. அவற்றில் நான்கு, கழகமே வளர்த்தவர்களுக்கு. அப்படி வளர்த்தவர் என்று கொள்ள, 15 முதல் 21 வயதுக்குள் மூன்று முழுப் பருவங்கள் அந்தக் கழகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 17 வயதில் வந்து சேர்ந்த பிள்ளையை 18-இல் இரவலுக்கு அனுப்பிவிட்டால், அவர் வேறிடத்தில் பதிவு பெற்றிருக்கும் காலம் இந்தக் கணக்கில் ஏறாது. பி அணியில் ஆடும் ஒவ்வொரு பருவமும் ஏறும்.

நாங்கள் முதல் ஆண்டில் சறுக்கியது வேறு இடத்தில். பி அணிப் பயிற்சியாளரும் வெல்லத்தான் விரும்புவார். ஆறு தோல்விகளுக்குப் பிறகு, துணைக்கு என்று நாங்கள் சேர்த்த மூன்று மூத்த வீரர்களும் எல்லா ஆட்டங்களிலும் முழு நேரமும் ஆடினார்கள்; பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்தார்கள். இரவலில் நாங்கள் எதைக் குறை சொன்னோமோ அது எங்கள் வீட்டிலேயே நடந்தது. அதன்பின் அவர் அறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டினோம்: ஒவ்வொரு வீரருக்கும் எதிரே, அவருக்குரிய இடத்தில் ஆடிய நிமிடங்கள் மட்டும். வேறு இடத்தில் ஆடியவை கணக்கில் வராது. அவருடைய ஆண்டு மதிப்பீடு புள்ளிப் பட்டியலால் அல்ல, அந்தத் தாளால் நடக்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினோம். மூத்தவர்களை மூவரிலிருந்து இருவராகக் குறைத்தோம். அவர்களில் ஒருவர், தன் இடத்தை ஒரு பதினெட்டு வயதுப் பையன் எடுத்துக்கொண்ட பிறகும், அவனருகே நின்று கத்திக் கத்தித் திருத்திக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர் கிடைப்பது அதிர்ஷ்டம், திட்டம் அல்ல.

இரவலை நாங்கள் முற்றாகக் கைவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பி அணியில் இரண்டு பருவம் ஆடி, அந்த அடுக்கு எளிதாகிவிட்ட இருபது வயதுக்காரருக்கு ஓராண்டு இரவல் பொருத்தமாகவே இருக்கிறது. அப்போது அவர் ஆட்டம் உறுதிப்பட்டிருக்கும், ஒரு பிழைக்காக உட்கார வைத்தாலும் பழக்கம் கலையாது. கோல்கீப்பர்கள் விஷயத்தில் என் கருத்துக்கு வலு குறைவு, நான் அருகிலிருந்து பார்த்தவர்கள் இருவர் மட்டுமே. அந்த ஓரிடத்துக்கு பி அணியில் மூன்று பேர் காத்திருந்ததால், அவ்விருவரையும் 18 வயதிலேயே கீழ் அடுக்குக்கு இரவலாக அனுப்பினோம். ஒருவர் முழுப் பருவமும் ஆடிவிட்டு வந்தார். மற்றவர் டிசம்பரில் தோள்பட்டை விலகித் திரும்பினார். எது சரியான முடிவு என்று அவரை வைத்துச் சொல்ல முடியாது.