பழைய கீபோர்டில் குரல் பதியப் போகிறவர்கள் கடையிலேயே ஒருமுறை அணைத்துப் பாருங்கள்

கிருஷ்ணகிரிப் பக்கம் செகண்ட் ஹேண்ட் கீபோர்டு வாங்கப் போகிறவர்கள், அதிலும் குரலைப் பதிந்து வாசிக்க நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். கடைப் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எனக்குப் பாலக்கோட்டுப் பக்கம். கல்யாணக் கச்சேரிகளுக்கு வாசிக்கிறேன். எங்கள் பெரியப்பா கூத்து வாத்தியார், வயது 73. பதினெட்டு நாள் பாரதக் கூத்தில் விடிய விடியப் பாடிப் பழகிய தொண்டை. மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். அந்தக் குரலைச் சுரம் சுரமாகப் பதிந்து வைக்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. அதற்காகத்தான் யமஹா மோட்டிஃப் எக்ஸ்எஃப் கீபோர்டைத் தேடினேன். 2010இல் வந்த மாடல். மைக்கை நேராகப் பின்னால் செருகி சாம்பிள் எடுக்கலாம், அதாவது குரலைப் பதிந்து கட்டையில் வாசிக்கலாம்.

அதில் ஒரு விஷயம் உண்டு. பதிந்த குரல் முதலில் போய் உட்காருவது 128 எம்பி நினைவகத்தில். மோனோவில், அதாவது ஒற்றைத் தடத்தில், நிமிடத்துக்குச் சுமார் 5 எம்பி என்றால் 25 நிமிடம் கொள்ளும், தாராளம். ஆனால் பவரை அணைத்தால் அத்தனையும் போய்விடும். நிலைத்து நிற்க வேண்டுமானால் அடியில் ஃபிளாஷ் போர்டு (அணைத்தாலும் அழியாத நினைவக அட்டை) மாட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் அணைக்கும் முன் பென் டிரைவில் சேமிக்க வேண்டும்.

போர்டு போட்டால் நிற்கும் என்று கூட வாசிக்கும் அண்ணன் சொல்லியிருந்தார். அதனால் கடையில் அதைத்தான் முதலில் கேட்டேன். "1 ஜிபி போர்டு போட்டிருக்கு தம்பி, பதிஞ்சீங்கன்னா அப்படியே நிக்கும், பென் டிரைவே வேண்டாம்" என்றார் கடைக்காரர். அவரே ஒரு மைக்கைச் செருகி, "ஹலோ ஹலோ" என்று பதிந்து, கட்டையை அழுத்திக் காட்டினார். நன்றாகக் கேட்டது. போர்டுக்கென்று தனியாக 18,000 ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன். அங்கேயே அணைத்துப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

கூடவே ஒரு கண்டென்சர் மைக்கும் தலையில் கட்டினார், "ஸ்டுடியோவுல இதுலதான் பாடுறாங்க" என்று. வீட்டில் செருகினால் வெறும் இரைச்சல். அந்த மைக்குக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (மைக் கம்பி வழியே வரும் மின்சாரம்) வேண்டும், மோட்டிஃபின் மைக் ஜாக்கில் அது வராது. போன் செய்தால், "கெயினை ஏத்துங்க" என்கிறார். இரண்டையும் ஒரே மேஜையில் வைத்து விற்பவருக்கு இது தெரியாமல் இருக்குமா? கடைசியில் நண்பரிடம் அந்த மின்சாரம் தேவைப்படாத சாதாரண டைனமிக் மைக் ஒன்றை இரவல் வாங்கினேன்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டு, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் வைத்தேன். ஒரே சுரத்தைப் பதிந்து கட்டை முழுவதற்கும் இழுத்தால் மேலே போகப் போகச் சின்னப் பிள்ளைக் குரலாகிவிடும். அதனால் மூன்று கட்டைக்கு ஒரு சுரம் என்று பதினோரு 'ஆ'காரம் பாட வைத்தேன். அப்புறம் படுகளத்தில் வரும் நாலு வரி. ஒவ்வொன்றுக்கும், "வந்துச்சாடா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் அவர் விரலையே பிடித்துக் கட்டையில் வைத்தேன். தன் குரல் கேட்டதும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக மறுபடி அழுத்தினார். அரை மணி நேரம் அழுத்திக்கொண்டே இருந்தார்.

அன்று ராத்திரி அணைத்தேன். காலையில் போட்டால் ஒன்றுமே இல்லை.

அடிமூடியின் திருகைக் கழற்றிப் பார்த்தேன். போர்டு மாட்டும் இடம் இரண்டும் காலி. கடைக்காரர், "நீங்களே கழட்டியிருப்பீங்க, செகண்ட் ஹேண்டுக்கு கியாரண்டி கிடையாது" என்று முடித்துவிட்டார். இன்னொன்றும் அப்புறம்தான் தெரிந்தது: போர்டு இருந்தாலும், பதிந்ததை அதற்குள் நகல் எடுத்தால்தான் நிற்கும். 'அப்படியே நிக்கும்' என்ற பேச்சே பொய்.

நல்லவேளை, போர்டு இருப்பதாக அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்தியும், பணம் அனுப்பிய கணக்கும் என்னிடம் இருக்கின்றன. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

பெரியப்பாவிடம் சொல்ல மூன்று நாள் ஆனது. இப்போது அவருக்குக் கூத்து சீசன், தொண்டை கட்டிக் கிடக்கிறது. "ஆடி பதினெட்டு முடியட்டும், வரேன்" என்றிருக்கிறார். பென் டிரைவ் இரண்டு வாங்கி வைத்துவிட்டேன்.

கிருஷ்ணகிரியில் யாரிடமாவது 'போர்டு போட்டது' என்று மோட்டிஃப் வாங்கியிருந்தால், இன்றைக்கே அடிமூடியைத் திறந்து பாருங்கள். காலியாக இருந்தால் படம் எடுத்து, ரசீதோடு எனக்கு எழுதுங்கள், புகாரில் சேர்த்துக்கொள்கிறேன்.