இரண்டு பேர் அளவு எவர்சில்வர் காபி ஃபில்டர்: வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

கும்பகோணம் பெரிய கடைத்தெரு, மயிலாடுதுறை பட்டமங்கலத் தெரு, எங்கே போனாலும் பாத்திரக்கடை அலமாரியில் காபி ஃபில்டர் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசை கட்டி நிற்கும். கரண்ட் வேண்டாம், வடிதாள் வேண்டாம், கெட்டுப்போக ஒரு பாகமும் இல்லை. சில நூறு ரூபாய்க்கு வாங்கினால் வருஷக்கணக்கில் உழைக்கும். சிக்கனமாக நடக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல சாமான் சமையலறையில் குறைவு. அப்படியும் பல வீடுகளில் அது பரணில் கிடக்கிறதென்றால், காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அளவு தப்பு.

விருந்தாளி வந்தால் உதவுமே என்று ஆறு பேர் ஃபில்டரை வாங்கிவிட்டு, தினமும் இரண்டு பேருக்குப் போடுவார்கள். அகலமான கிண்ணத்தில் மூன்று ஸ்பூன் பொடி மெல்லிய படலமாகத்தான் பரவும். வெந்நீர் அதை நனைத்தும் நனைக்காமலும் இறங்கிவிடும். டிகாஷன் தண்ணியாக வருகிறதே என்று பொடியைக் கூட்டுவார்கள், மாசச் செலவு ஏறும். மேல் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்காவது பொடி நின்றால்தான் தண்ணீர் நின்று நிதானமாகச் சாரத்தை எடுத்துக்கொண்டு சொட்டும். இரண்டு பேருக்கு மேல் கிண்ணம் 200 மில்லி பிடித்தால் போதும். கடையிலேயே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடலாம். ஐந்தாறு பேர் உள்ள வீடு என்றால் பெரிசு ஒன்றுக்குப் பதில் சின்னது இரண்டு வாங்குங்கள். ஆள் குறைந்த நாளில் ஒன்றை மட்டும் எடுத்தால் போதும்.

அடுத்தது துளைகள். மேல் கிண்ணத்தை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். எல்லாத் துளையும் ஒரே அளவில், பொடிப் பொடியாக, ஒளி தெரியும்படி இருக்க வேண்டும். ஒரு ஓரத்தில் மட்டும் பெரிசாக இருந்தால் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடும், பொடியும் கூடவே கீழே இறங்கும். அடிப்பக்கத்தை விரலால் தடவினால் பிசிறு தட்டக்கூடாது. பிறகு மேல் கிண்ணத்தைக் கீழ்க் கிண்ணத்தின்மேல் வைத்துத் திருகுங்கள். ஆடவும் கூடாது, இறுகப் பிடித்துக்கொள்ளவும் கூடாது. இறுக்கமான ஃபில்டரில் கீழே உள்ள காற்று வெளியேற வழியில்லாமல் சொட்டுவதே நின்றுபோகும். அமுக்கும் தட்டு கிண்ணத்தின் உள் அகலத்தைவிட ஒரு நூல் சிறிதாக, வளையாமல் இருக்கட்டும். காந்தம் ஒட்டவில்லை என்றால் உயர்ந்த எவர்சில்வர் என்று கடையில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். மலிவான 200 வரிசை எஃகிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது.

பித்தளை ஃபில்டர் அழகுதான். ஆனால் காபியில் புளிப்புத் தன்மை உண்டு, அதனால் உள்ளே வெள்ளீயம் பூசாத பித்தளையில் டிகாஷன் இறக்கக் கூடாது. பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்துவிட்டால் மறுபடி பூசியாக வேண்டும். நவச்சாரம் போட்டு, பஞ்சால் தேய்த்து ஈயம் பூசிக் கொடுப்பவர்கள் இப்போது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும் என்பதால் வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைக்கவும் முடியாது. தினசரிப் புழக்கத்துக்கு எவர்சில்வரே சரி. ஆசைக்கு ஒரு பித்தளை டபரா செட் வாங்குவதானால் அதற்கும் உட்பூச்சைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பொடியில்தான் காசு கரைகிறது. கண்ணெதிரே வறுத்து அரைத்துக் கொடுக்கும் காபிப்பொடிக் கடைகள் டெல்டா ஊர்களில் இன்னும் இருக்கின்றன. அங்கே 100 கிராம் 100 கிராமாக வாங்குங்கள். அரைகிலோ வாங்கினால் கடைசிப் பாதி மணமில்லாமல்தான் முடியும். பாக்கெட் வாங்குவதானால் பின்பக்கம் எழுதியிருக்கும் விகிதத்தைப் படியுங்கள். சிக்கரி கலந்த பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பதே சட்டம். அதனால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி சிக்கரி உள்ள பாக்கெட்டும் சட்டப்படி சரியானதே. சிக்கரி நிறம் கொடுக்கும், கெட்டி கொடுக்கும், மணம் கொடுக்காது. கூடிப்போனால் ஊறிப் பசைபோல் துளையை அடைக்கும். 80க்கு 20 என்பது ருசிக்கும் பணத்துக்கும் நல்ல நடு. அரைக்கும்போது ஃபில்டருக்கு என்று சொல்லிவிடுங்கள். மைதா மாதிரி அரைத்த பொடி இறங்காது, ரவை மாதிரி இருந்தால் நிற்காது.

போடும் விதம் இதுதான். மேல் கிண்ணம் ஈரமில்லாமல் துடைத்திருக்க வேண்டும், ஈரத் துளையில் பொடி அப்பிக்கொள்ளும். 24 கிராம் பொடி, அதாவது பெரிய ஸ்பூனில் தலை தட்டி நான்கு. பக்கத்தில் இரண்டு தட்டு தட்டிச் சமமாக்கி, தட்டை அதன் கனத்துக்கே உட்கார விடுங்கள். கட்டைவிரலால் அழுத்த வேண்டாம். தளதளவென்று கொதித்த தண்ணீரை இறக்கி அரை நிமிஷம் கழித்து, முதலில் இரண்டு கரண்டி மட்டும் சுற்றிலும் விடுங்கள். பொடி உப்பி நனையட்டும். அரை நிமிஷத்துக்குப் பிறகு மீதியை விடலாம். மொத்தம் 150 மில்லி. பொடி தன் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் கீழே 100 மில்லிதான் கிடைக்கும். பதினைந்திலிருந்து இருபது நிமிஷத்தில் இறங்கினால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். ஐந்து நிமிஷத்தில் இறங்கினால் பொடி கரடு, அல்லது ஃபில்டர் பெரிசு.

அரைமணி ஆகியும் இறங்கவில்லையா? ஸ்பூனை விட்டுக் கிளறாதீர்கள், தூள் போய்த் துளையை அடைத்துக்கொள்ளும். மேல் கிண்ணத்தை ஒரு நூல் தூக்கி, லேசாகத் திருப்பி வையுங்கள். சிக்கிய காற்று வெளியேறினால் உடனே சொட்டத் தொடங்கும். அதற்கும் அசையாவிட்டால் பொடி நைசு, அல்லது துளை அடைப்பு. காபி முடிந்ததும் சக்கையைப் பார்த்தால் நடந்தது தெரிந்துவிடும். மேல்பரப்பு சமமாக, ஒரே நிறத்தில் வில்லை மாதிரி நின்றால் நன்றாக இறங்கியிருக்கிறது. ஓரத்தில் பள்ளம் விழுந்து நடுவில் வெளிறிய காய்ந்த பொடி தெரிந்தால், தண்ணீர் குறுக்குவழியில் ஓடி, பாதிப் பொடி வீணாகியிருக்கிறது.

துளை அடைப்புக்குக் கரையோர ஊர்களில் தண்ணீரே பெரிய காரணம். நாகை, வேதாரண்யம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு படியும், காபியும் சப்பென்று இருக்கும். காபிக்கு மட்டுமாவது கொள்ளிடக் கூட்டுக் குடிநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை எலுமிச்சைச் சாறு விட்ட வெந்நீரில் அரைமணி ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் அடிப்பக்கத்திலிருந்து தேய்த்தால் துளை திறக்கும். எவர்சில்வராக இருந்தால் அடிப்பக்கத்தைச் சின்னத் தணலில் காட்டி, ஒட்டிய தூளைக் கருக்கித் தட்டிவிடலாம். தினமும் சோப்புப் போட அவசியமில்லை, வெந்நீர் போதும். சோப்பு வாசனை அடுத்த டிகாஷனில் வரும்.

டிகாஷனை அடுப்பில் வைத்துச் சுட வைக்காதீர்கள், கசந்துவிடும். ஆறிப்போயிருந்தால் கீழ்க் கிண்ணத்தைக் கொதிநீரில் இரண்டு நிமிஷம் நிறுத்துங்கள். பால் ஒரே கொதியில் பொங்கி வரும்போது எடுத்து, 50 மில்லி டிகாஷனுக்கு 100 மில்லி விட்டு, டபராவில் இரண்டு ஆற்று. நுரை டம்ளர் விளிம்பில் ஏறி நிற்கும் அந்தச் சூட்டில் குடிக்க வேண்டும்.

செலவைக் கணக்குப் போட்டுவிடலாம். பொடி 100 கிராம் 70 ரூபாய், பால் லிட்டர் 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு காபிக்குப் பொடி எட்டரை ரூபாய், பால் ஐந்து, சர்க்கரையும் கேஸும் சேர்த்து ஒன்றரை. ஆக 15. தெருமுனை டீக்கடையோடு ஒப்பிட்டால் பெரிய மிச்சமில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மிச்சம் இரண்டாம் டிகாஷனில் இருக்கிறது. முதல் டிகாஷன் இறங்கியதும், சக்கை சூடாக இருக்கும்போதே 60 மில்லி கொதிநீர் விடுங்கள். அதை முதல் டிகாஷனோடு கலந்தால் மூன்று பேருக்குக் காணும், ருசி கொஞ்சம்தான் இறங்கும். காபி ஒன்று ஏறக்குறைய 12 ரூபாய்க்கு வந்துவிடும். தனியாக இரண்டாம் டிகாஷனை மட்டும் சாயங்காலத்துக்கு எடுத்து வைப்பது வேண்டாம். அது வெறும் கசப்புத் தண்ணீர், பாலைத்தான் வீணாக்கும்.

சக்கையை சிங்க்கில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். வெயிலில் உலர்த்தி, வாரம் ஒரு கைப்பிடி கறிவேப்பிலைச் செடியின் மண்ணில் கிளறிவிடுங்கள். ஈரமாகக் குவித்தால் பூஞ்சை பிடிக்கும்.